பின்படிக்கட்டுக்கு நேராக ஒரு சைக்கிள்

எங்கள் ஆலங்கிணற்றிலிருந்து டவுனுக்குப் போகிற காலை எட்டுப் பத்து பஸ்ஸால் நாலு மாதம் எந்தச் சைக்கிளையும் தாண்ட முடியாமல் இருந்தது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும், அந்த நாலு மாதமும் வேலைக்கு லேட்டாகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நாங்கள். பங்குனிக் கடைசியில் ஆரம்பித்து ஆடி முடியும் வரைக்கும் இப்படி இருந்தது, அதற்கப்புறம் இல்லை. இல்லாமல் போனதற்குக் காரணம் நான்தான், அதனால் சொல்ல வேண்டியதும் நான்தான்.

ரோடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு பஸ்ஸும் ஒரு சைக்கிளும் ஒன்றையொன்று மதித்தால் இரண்டும் போகலாம், மதிக்காவிட்டால் ஒன்றுதான் போகலாம், அவ்வளவு அகலம்தான் அது. தார் முடிகிற இடத்தில் ஒரு ஜாண் ஆழத்துக்கு மண் அரித்துப் போயிருக்கும், அதில் சக்கரம் இறங்கினால் ஆள் விழுவது நிச்சயம், ஆகவே சைக்கிள்காரர்கள் தாரின் விளிம்பைப் பிடித்தபடியே போவார்கள், பஸ் அவர்களுக்கு வலது பக்கமாக ஏறித் தாண்டும். பஸ்ஸின் முகம் தாண்டுவதை டிரைவர் பார்த்துக்கொள்வார். வால் தாண்டிவிட்டதா என்று பார்ப்பது பின்படிக்கட்டில் நிற்கிற கண்டக்டரின் வேலை, ஏனென்றால் எங்கள் பஸ்ஸின் இடதுபக்கக் கண்ணாடி புளியமரக் கிளை ஒன்றில் அடிபட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வால் தாண்டியதும் கண்டக்டர் ஒரு குட்டை விசில் கொடுப்பார், டிரைவர் உடனே இடது பக்கம் ஒடித்து ரோட்டின் நடுவுக்கு வருவார். எங்கள் பாதையில் அதற்கு வால் விசில் என்று பெயர்.

கண்டக்டர் மாகாளி நல்ல மனிதர், சில்லறை இல்லை என்றால் நாளைக்குக் கொடு என்பவர், பிள்ளைத்தாய்ச்சிக்கு எழுந்து இடம் கொடுக்காத ஆம்பளைகளை ஏசுகிறவர். பதினெட்டு வருஷம் பின்படிக்கட்டில் நின்றவர் நாளடைவில் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார். முகம் தாண்டியதிலிருந்து மூன்று டிக்கெட் கிழிக்கிற நேரத்தில் வால் தாண்டிவிடும் என்று அவருடைய கைக்குத் தெரிந்திருந்தது, மூன்று டிக்கெட்டைக் கிழித்ததும் வாய் தானாக விசிலைக் கவ்வும். பதினெட்டு வருஷத்தில் அது ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

தப்பிய நாளில் பஸ்ஸில் எங்கள் ஊர்க் கூட்டத்தோடு ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமும் ஏறியிருந்தது, ஓடைப் பாலத்து ஏற்றத்தில் வண்டி முக்கி முக்கிப் போனது, அந்த ஏற்றத்தில்தான் சண்முகக்கனி தன் சைக்கிளில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. முகம் தாண்டியது, மாகாளி குனிந்தபடியே மூன்று டிக்கெட் கிழித்தார், விசில் கொடுத்தார், டிரைவர் மரியசிங்கம் இடது பக்கம் ஒடித்தார். வால் இன்னும் தாண்டியிருக்கவில்லை. நான் பின்படிக்கட்டுக்கு அடுத்த கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், ஆகவே பார்த்தேன். அவள் நூல் பிடித்த மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தாள், பஸ்ஸின் தகரம் அவள் தோளைத் தொட்டது, அவள் என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தாள், அதற்கப்புறம் அவள் தலை ஜன்னலில் தெரியவில்லை. பின்சக்கரம் ஏறி இறங்கியதை நாங்கள் எல்லோரும் உட்கார்ந்த இடத்தில் உணர்ந்தோம்.

அவளுக்கு முப்பத்தோரு வயது. எங்கள் தெருவில் சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெண்கள் அத்தனை பேரும் அவளிடம் கற்றுக்கொண்டவர்கள், என் மனைவியும்தான்.

போலீஸ் வந்து பஸ்ஸை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. எங்கள் ஊருக்கு இருப்பது அந்த ஒரு கம்பெனி பஸ்தான், அதுவும் போனால் ஊரே மூன்று மைல் நடந்து மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். பஸ் முதலாளி ஆள் அனுப்பினார், மாகாளிக்கு மூன்று பெண்பிள்ளைகள் என்று ஊருக்குள் பேச்சு வந்தது, போனவள் திரும்பி வரவா போகிறாள் என்று பேசாத வாய் இல்லை. நேரில் பார்த்தவர்கள் யாராவது எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். நான் டவுனில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சாபீஸில் வேலை பார்க்கிறேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும், ஆகவே காகிதத்தை என்னிடம் கொடுத்தார்கள். கண்டக்டர் முறையாகப் பார்த்து விசில் கொடுத்தார் என்றும், மேற்படி சண்முகக்கனி ஏற்றத்தில் மிதிக்க முடியாமல் ஆடித் தடுமாறிப் பஸ்ஸின் மேல் சாய்ந்துவிட்டாள் என்றும் எழுதினேன். ஆடித் தடுமாறி என்பது நான் யோசித்துப் போட்டது. எனக்குக் கீழே எட்டுப் பேர் கையெழுத்து வைத்தார்கள். எட்டுப் பேரும் அந்த எட்டுப் பத்து பஸ்ஸில் தினமும் வருகிறவர்கள்.

சண்முகக்கனிக்குப் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் பஸ் ஊருக்குத் திரும்பி வந்தது, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, மாலை போட்டு ஏறினோம். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஐஸ்பெட்டி சேவியர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பஸ்ஸின் முகம் அவரைத் தாண்டியது, ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் தாண்டின, பின்படிக்கட்டுக்கு நேராக அவர் வந்ததும் அதற்கு மேல் தாண்டவில்லை. மரியசிங்கம் ஆக்ஸிலேட்டரை மிதித்தார், என்ஜின் கத்தியது, முள் ஐம்பதைக் காட்டியது, ஆனால் வெளியே கருவேல மரங்கள் சேவியர் மிதிக்கிற வேகத்தில்தான் பின்னால் போயின. சேவியர் நின்றால் பஸ் போகும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. மாகாளி படிக்கட்டில் நின்றுகொண்டு சேவியரைப் பார்த்தார், சேவியர் மாகாளியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் கழித்து வெயில் அதிகம்தான் என்று சேவியர் சொன்னார், ஆமாம் என்று மாகாளி சொன்னார். டவுன் எல்லையில் அவர் வேறு தெருவுக்குத் திரும்பும் வரைக்கும் இரண்டு வண்டியும் சேர்ந்தே போயின, அதற்குள் பின்சீட்டுக்காரர்கள் சேமியா ஐஸ் பதினோரு எண்ணம் வாங்கியிருந்தோம்.

முதல் வாரம் பயந்தோம், இரண்டாம் வாரம் பழகிவிட்டோம். பயப்படுவதற்கும் நேரம் வேண்டுமே. கீரைக்காரிகள் எட்டுப் பத்துக்குப் பார்த்துச் சைக்கிளை எடுத்தார்கள், ஜன்னல் வழியாகவே கட்டு கைமாறியது. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் வந்து புத்தகப்பையைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மிதிக்காமலே வந்தார்கள், மிதிக்காமல் வந்தால் டிக்கெட் உண்டா இல்லையா என்று பஸ்ஸுக்குள் ஒரு வாரம் வழக்கு நடந்தது. பின்சீட்டில் இருந்த ஒருவர் தன் மகனுக்குப் பெண்ணைச் சைக்கிளில் பார்த்தார், எட்டு கிலோமீட்டர் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, பல் வரிசை சரியில்லை என்று வேண்டாம் என்றார். எங்கள் ஆட்கள் அற்புதத்தையும் விட்டுவைக்கமாட்டார்கள்.

முதலாளி மெக்கானிக்கைக் கூட்டிவந்து கியர்பெட்டியைப் பிரித்துப் பார்த்தார், மாந்திரீகரைக் கூட்டிவந்து ஆறு டயருக்கும் கயிறு கட்டினார். வேறு பஸ்ஸை விட்டுப் பார்த்தார், டிரைவரை மாற்றிப் பார்த்தார், கண்டக்டரையும் ஒரு வாரம் மாற்றிப் பார்த்தார். மத்தியான டிரிப்பிலும் சாயங்கால டிரிப்பிலும் ஒரு கோளாறும் இல்லை, அதே வண்டி அதே ரோட்டில் சைக்கிள்களை உரசிக்கொண்டு பறந்தது, எட்டுப் பத்து மட்டும்தான் தாண்டமாட்டேன் என்றது. சாயங்காலம் நாங்கள் ஆளுக்கொரு டிரிப்பில் திரும்புகிறவர்கள், அந்தக் காகிதத்தில் கையெழுத்து வைத்த ஒன்பது பேரும் சேர்ந்து உட்காருவது எட்டுப் பத்தில் மட்டும்தான். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்த முதலாளிக்கு எங்களை மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, நான் சொல்லவில்லை.

லேட்டாகிக்கொண்டே போனபோது விளையாட்டு நின்றது. தீப்பெட்டி ஆபீஸில் ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்துவார்கள், சாத்தினால் அரைநாள் போச்சு. அச்சாபீஸில் என் முதலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். அப்போதுதான் யாரோ கண்டுபிடித்தார்கள், சைக்கிள்காரர் இறங்கி ஓரமாக நின்றுவிட்டால் பஸ் சாதாரணமாகப் போய்விடுகிறது, ஓடுகிற சைக்கிளைத்தான் தாண்ட முடியவில்லை, நிற்கிற சைக்கிளைத் தாண்ட ஒரு தடையும் இல்லை. ரேஷன் கடை முன்னால் ஊர் கூடிப் பேசியது. எட்டுப் பத்தின் ஹாரன் கேட்டதும் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கிப் பள்ளத்தில் நிற்க வேண்டும் என்று முடிவானது. நானும் கையைத் தூக்கினேன்.

முதலில் கேட்டுக்கொண்டோம், அப்புறம் அதட்டினோம், அப்புறம் ஹாரனே போதுமானதாக இருந்தது. கீரைக்காரிகள் கருவேல முள்ளுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள், பெண்பிள்ளைகள் பாவாடையில் முள் மாட்டி நின்றார்கள், சேவியர் இறங்க முடியாத வயசில் இறங்கி ஐஸ்பெட்டியோடு விழுந்து முழங்கையை முறித்துக்கொண்டார். ஒவ்வொருவராகச் சைக்கிளை வீட்டில் சாத்திவிட்டுப் பஸ்ஸில் ஏறினார்கள், இடமில்லாதவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் போவதை விட்டார்கள். பஸ் தாண்டாமல் வந்த அத்தனை நாளும் காலையில் அந்த ரோட்டில் ஒரு சைக்கிளுக்கும் ஒரு கீறல்கூட விழவில்லையே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இறங்காதவள் ஒருத்திதான். செத்தவளின் தங்கை தெய்வக்கனி, இருபத்தாறு வயது, அதே தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அக்காவின் சைக்கிளுக்குப் பின்சக்கரம் மட்டும் புதிதாகப் போட்டு அதையே ஓட்டிக்கொண்டு வந்தாள். ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்கமாட்டாள், முகம் தாண்டும், ஜன்னல்கள் தாண்டும், பின்படிக்கட்டுக்கு நேராக வந்ததும் மாகாளியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"எங்கக்கா ஆடினாளா?"

மாகாளி குனிந்து டிக்கெட்டை எண்ணுவார். அவள் சத்தம் போடமாட்டாள், அழமாட்டாள், ஒரு கிலோமீட்டர் சும்மா மிதிப்பாள், அப்புறம் அதையே திரும்பக் கேட்பாள். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கேஸ் வேண்டாம், நஷ்டஈடு வேண்டாம், தெருவுக்கே சைக்கிள் சொல்லிக்கொடுத்த அக்கா சைக்கிள் ஓட்டத் தெரியாமல் செத்தாள் என்று அரசாங்கக் காகிதத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவளைத் திட்டினோம், ஒருத்தியால் அறுபது பேருக்கு நேரமாகிறது என்றோம், குழாயடியில் பெண்கள் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள், பஞ்சர் கடைக்காரர் காற்றடிக்க மாட்டேன் என்றார். அவள் ஒரு கைப்பம்பு வாங்கினாள். தீப்பெட்டி ஆபீஸில் இன்னும் ஒரு தடவை லேட்டானால் வேலை இல்லை என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஊரை லேட்டாக்கியவள் தானும் லேட்டாகிக்கொண்டுதான் இருந்தாள்.

நான் மாகாளிக்கு இரண்டடி பின்னால் அதே ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னை ஒரு நாளும் கேட்கவில்லை. நான் எழுதியது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள், காற்று எதிர்த்து அடித்துக்கொண்டிருந்தது, அவள் ஹேண்டில்பாரின் மேல் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தாள், வழக்கம்போலக் கேட்டாள். மாகாளி விசிலை வாயிலிருந்து எடுத்தார். நாலு மாதத்தில் அவர் பாதியாகியிருந்தார், சட்டை அவர் மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆடலம்மா. நான்தான் பாக்கல. டிக்கெட்டப் பாத்துக்கிட்டு விசில் குடுத்துட்டேன்."

பஸ் ஒரு ஜாண் முன்னால் போனது. ஒரு ஜாண்தான். ஆனால் அதை உள்ளே இருந்த எல்லோரும் உணர்ந்தோம், அன்றைக்குப் பின்சக்கரம் ஏறியதை உணர்ந்த மாதிரியே. முன்னாலிருந்து மரியசிங்கம் தலையைத் திருப்பாமல், இடதுபக்கக் கண்ணாடி இல்லாமல் இரண்டு வருஷம் ஓட்டினேன், போடச் சொல்லிக் கேட்கவில்லை என்றார். இன்னொரு ஜாண் போனது.

அதற்கப்புறம் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. கையெழுத்து வைத்தவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் ஒன்றும் பார்க்கவில்லை, அச்சாபீஸ் அண்ணாச்சி எழுதியிருந்தார், கையெழுத்து வைத்தேன் என்றார் ஒருவர். அண்ணாச்சி படித்தவர், சரியாகத்தான் எழுதியிருப்பார் என்று வைத்தேன் என்றார் இன்னொருவர். என்ன எழுதியிருந்தது என்றே தெரியாது, அண்ணாச்சி இங்கே என்று விரலைக் காட்டினார், அங்கே வைத்தேன் என்றாள் தீப்பெட்டி ஆபீஸ் பெண் ஒருத்தி. எட்டுப் பேரும் சொன்னார்கள், எட்டுப் பேரும் சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்கள், ஒவ்வொருவர் சொன்னதற்கும் பஸ் ஒரு ஜாண் முன்னால் போனது. பாரத்தை என் மடியில் இறக்கி வைத்துவிட்டு அவர்கள் முகமெல்லாம் தெளிந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. பஸ் வேண்டும் என்று கேட்டது ஊர், எழுது என்று சொன்னது ஊர், இப்போது எழுதியவன் மட்டும் தனியாக நிற்கிறான். அந்தக் கோபம் நியாயம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சைக்கிள் இப்போது என் ஜன்னலைத் தாண்டிப் பஸ்ஸின் பின்மூலைக்குப் போயிருந்தது. தலையை வெளியே நீட்டித்தான் அவளைப் பார்க்க முடிந்தது. ஒரு ஜாண் மிச்சம் இருந்தது. அவள் முகத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது, அதோடு அந்த நாலு மாதத்தில் நான் பார்க்காத ஒன்றும் இருந்தது, அது சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க பாத்திய அண்ணாச்சி. ஜன்னல்ல நீங்கதான் இருந்திய. எங்கக்கா ஆடினாளா?"

அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே நாலு மாதம் என்னைக் கேட்காமல், நானாகச் சொல்வேன் என்று என் ஜன்னலோரம் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் வாயைத் திறந்தேன். பஸ்ஸே காத்திருந்தது. டவுன் எல்லை தெரிந்தது, தீப்பெட்டி ஆபீஸின் புகைபோக்கி தெரிந்தது, யாரோ மணி எட்டு ஐம்பத்தி நாலு என்றார்கள். ஆடவில்லை என்று சொன்னால் போதும். சண்முகக்கனி என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தது எனக்கு ஞாபகம் வந்தது, அதை இத்தனை பேருக்கு நடுவில் நான் எப்படிச் சொல்லுவேன், பார்த்துவிட்டு எழுதினாயா என்று அப்புறம் ஒவ்வொருவரும் கேட்பார்களே என்று நினைத்தேன்.

"எறங்கும்மா," என்றேன். "எல்லாருக்கும் நேரமாவுதுல்ல."

அவள் கொஞ்ச தூரம் என்னைப் பார்த்துக்கொண்டே மிதித்தாள். அப்புறம் பிரேக்கைப் பிடித்தாள், காலை ஊன்றினாள், இறங்கிச் சைக்கிளைத் தாரிலிருந்து பள்ளத்துக்கு உருட்டிக்கொண்டு போய் நின்றாள். பஸ் அவளைத் தாண்டிப் போனது. உள்ளே ஒருவர் இருமினார், பிறகு இன்னொருவர் பரவாயில்லை, கேட் சாத்தும் முன்னால் போய்விடலாம் என்றார். போய்விட்டோம். தெய்வக்கனிதான் போகவில்லை, அன்றைக்கு அவள் கேட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

இப்போது அவள் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். சைக்கிளை விற்றுவிட்டாள், எட்டுப் பத்தில்தான் வருகிறாள், மாகாளியிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு என் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நிற்பாள், யாரையும் எதுவும் கேட்பதில்லை. காலையில் அந்த ரோட்டில் சைக்கிள்கள் இல்லை, பஸ்ஸுக்குத் தாண்ட வேண்டியது ஒன்றும் இல்லை, நாங்கள் தினமும் நேரத்துக்குப் போகிறோம். கூட்டம் நெரிக்கிற நாட்களில் நான் எழுந்துகொண்டு, எடம் இருக்கு, உக்காரும்மா என்று அவளிடம் சொல்கிறேன், அதைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வருகிறது. அவள் உட்காருவதில்லை. நானும் மறுபடி உட்கார முடியாமல், டவுன் வரும் வரைக்கும் இரண்டு பேரும் அந்தக் காலி சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வருகிறோம்.